நாலு பேஸ் கிட்டார் இருக்கு, அஞ்சாவதா ஷார்ட் ஸ்கேல் வாங்கலாமா? சேலம், ஏற்காடு பக்கம் வாசிக்கிறவங்க சொல்லுங்க

ஹஸ்தம்பட்டி_பேஸ் எழுதியது:

வணக்கம்ங்க. சேலத்துல லைட் மியூசிக் ட்ரூப்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பேஸ் கிட்டார் வாசிச்சுட்டு இருக்கேன். ஆடி மாசம் முழுக்க மாரியம்மன் பண்டிகை மேடை, முகூர்த்த நாள்ல கல்யாண ரிசப்ஷன், மே மாசம் வாய்ப்பு வந்தா ஏற்காடு கோடை விழா, டிசம்பர்ல மலைமேல சர்ச் நிகழ்ச்சி. இதுதான் நம்ம வருஷம்.

கையில இப்ப நாலு பேஸ். முதல்ல வாங்கினது ஜப்பான்ல செஞ்ச, ஃபெண்டரோட பிரசிஷன் மாடல் வகை. சேலத்துல எனக்கு முன்னாடி வாசிச்ச ஒரு பெரியவர்கிட்ட இருந்து வந்தது. இன்னிக்கும் மேடைக்கு முதல்ல எடுக்கிறது அதைத்தான். ரெண்டாவது ஒரு ஜாஸ் பேஸ். நெக் ஒல்லி, ரிசப்ஷன்ல புதுப் பாட்டுக்கும், கட்டைவிரலால அடிக்கிற ஸ்லாப்புக்கும் அதுதான் சரி. மூணாவது அஞ்சு ஸ்ட்ரிங், ஆக்டிவ், அதாவது உள்ளயே பேட்டரி ப்ரீஆம்ப் வச்சது. பாடுறவங்க நிமிஷத்துக்கு நிமிஷம் சுருதி மாத்துவாங்க. கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிட்டுப் போயிடுவார், பேஸ்காரனுக்கு அந்த பட்டன் கிடையாது. ஈ பிளாட் சுருதியோ டி சுருதியோ வந்தா நாலு ஸ்ட்ரிங்ல அடித்தளம் இருக்காது, அதுல கடைசி ஈ தான்; அதுக்கும் கீழ லோ பிங்கிற அஞ்சாவது ஸ்ட்ரிங் இருந்தாத்தான் ஆச்சு. நாலாவது பிரெட்லெஸ், நெக்ல பிரெட்டுங்கிற குறுக்குக் கம்பி இல்லாதது. அது வீட்டுக்கும் ரெக்கார்டிங்குக்கும். நாலுமே வேலை செய்யுது. சுவத்துல சும்மா தொங்குற கருவியை நான் வச்சிக்க மாட்டேன்.

இப்ப அஞ்சாவதா 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல் ஒண்ணு மேல மனசு போயிருக்கு. ஸ்ட்ரிங் அதிர்ற நீளம் சாதாரண பேஸ்ல 34 இன்ச், இதுல 30. ரெண்டு காரணம்.

ஒண்ணு சத்தம். எழுபதுகள், எண்பதுகளோட தமிழ்ப் பாட்டை எடுத்துக் கேளுங்க. பேஸ் நோட்டு 'டும்'முனு விழுந்து உடனே ஒதுங்கிக்கும். நீளமா இழுக்காது. அந்த இடைவெளியிலதான் தபேலாவும் டோலக்கும் பேசும். அந்த பேஸ்காரங்க தனியா ஒரு ராகம் கட்டின மாதிரி லைன் போட்டிருப்பாங்க, ஆனா ஒரு இடத்துல கூடப் பாடகரை மிதிக்க மாட்டாங்க. நம்ம ட்ரூப்ல பாதிக்கு மேல அந்தக் காலப் பாட்டுதான். என்கிட்ட இருக்கிற நாலுல எதுல வாசிச்சாலும் நோட்டு நான் நினைச்சதுக்கு மேல நிக்குது. இடது கையால ஒவ்வொண்ணா அமத்திக்கிட்டே வாசிக்கிறேன்.

இன்னொண்ணு மணிக்கட்டு. மூணு மணி நேரம் நின்னு வாசிச்சா, முதல் பிரெட்டுக்கும் நாலாவது பிரெட்டுக்கும் விரலை விரிச்சு விரிச்சு இடது கை மரத்துப் போகுது. டாக்டர் பார்த்துட்டு, நரம்புல சேதம் இல்ல, விரிப்பைக் குறைங்கன்னார். வாசிக்கிறதை நிறுத்தச் சொல்லல. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

பார்த்து வச்சிருக்கிறது ரெண்டு. ஃபெண்டரோட விலை குறைஞ்ச பிராண்டான ஸ்க்வையர்ல, கிளாசிக் வைப் வரிசையில வர்ற மஸ்டாங் பேஸ் ஒண்ணு. வயலின் வடிவத்துல உள்ள காலியா இருக்கிற ஹாஃப்னர் வகை இன்னொண்ணு. பட்ஜெட் அறுபதாயிரத்துக்குள்ள.

இனி என் கவலைகள். 30 இன்ச்சுல ஈ ஸ்ட்ரிங் தொளதொளன்னு இருக்கும்ங்கிறாங்களே, பண்டிகை மைதானத்துல அது எடுபடுமா? சேலம் வெயில்ல வச்சு ஏற்காடு பனிக்கு ஏத்தினா நெக் என்ன ஆகும்? நெக் மேல விரல் படுற பலகை, அதாவது பிரெட்போர்டு, ரோஸ்வுட் இல்ல, இந்தியன் லாரல்னு போட்டிருக்கு, அது பரவாயில்லையா? வாசிச்சுப் பார்த்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க. பட்டியல் போட்ட விமர்சனம் இணையத்துல நிறையப் படிச்சுட்டேன்.


அம்மாபேட்டை_மைக்செட் எழுதியது:

அண்ணா வணக்கம். நீங்க வாசிச்ச மேடைக்கு நானே செட் போட்டிருப்பேன்னு நினைக்கிறேன். மைதானத்துல எடுபடுமான்னு கேட்டீங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

ஈ ஸ்ட்ரிங்கை சும்மா தட்டினா 41 ஹெர்ட்ஸ். உங்க அஞ்சு ஸ்ட்ரிங்ல லோ பி 31 ஹெர்ட்ஸ். பண்டிகைக்கு நாங்க இறக்குற 18 இன்ச் பேஸ் பாக்ஸ் பெரும்பாலும் போர்ட், அதாவது காத்து வர்ற ஓட்டை, வச்சது. எந்த இடத்துல ட்யூன் பண்ணியிருக்கோ அதுக்குக் கீழ போனா ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும்போது, 24 டெசிபல் விழுந்துடும். அதனால கடைசி வரிசையில நிக்கிறவங்களுக்குக் கேக்குறது 41 இல்ல, அதோட ரெண்டு மடங்கு 82, மூணு மடங்கு 123. இதைக் காதுல வாங்கி மனுஷ மூளையே அடி நோட்டைக் கட்டிக்கும். லோ பி கூட அப்படித்தான் கேக்குது. ஷார்ட் ஸ்கேல்ல பிளாட்வவுண்ட், அதாவது தட்டை நாடா சுத்தின வழவழப்பான ஸ்ட்ரிங், மாட்டினா மேல் சத்தம் குறையும், அந்த 80லிருந்து 160 வரைக்கும் கெட்டியா நிக்கும். மைதானத்துக்கு அது கெடுதல் இல்ல, நல்லதுதான். நோட்டு எதுன்னு தெளிவாத் தெரியணும்னா 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க. 40க்குக் கீழ இருக்கிறதை வெட்டுற ஹை பாஸ் போட்டுடச் சொல்லுங்க, பாக்ஸும் தப்பிக்கும்.

காலியான பாடி மட்டும் எங்க மேடைக்கு வேண்டாம்ணா. மானிட்டர் பக்கத்துல நின்னாலே ஊஊன்னு ஃபீட்பேக் பிடிக்கும். சர்ச்சுக்கும் ரெக்கார்டிங்குக்கும் சரி. கோயில் திடல்ல மேடையோரத்து சைடு ஃபில் ஸ்பீக்கர் முழுசா ஓடும்போது தாங்காது.

அப்புறம் ஜாஸ் பேஸ்ல ஒரு பிக்அப்பை (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) மட்டும் திறந்து வச்சா சீரியல் செட் லைட்டு எரியும்போது 'ர்ர்ர்'னு இரையும். பிரசிஷன்லயும் மஸ்டாங்லயும் இருக்கிறது ரெண்டாப் பிரிச்ச பிக்அப். பாதி ஒரு பக்கம், பாதி எதிர்ப்பக்கம் சுத்தியிருக்கும், இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பிச்ச லியோ ஃபெண்டர் 1957லேயே இதைப் பிரசிஷன்ல வச்சுட்டார். அந்த மனுஷன் கிட்டாரே வாசிக்கத் தெரியாத ரேடியோ ரிப்பேர்காரர், அதான் எங்க ஆளுங்க கஷ்டம் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பேஸை மிக்சரோட சேர்க்கிற டி.ஐ. பாக்ஸ் ஒண்ணு சொந்தமா வச்சுக்குங்க. ஹம் வந்தா அதுல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க. ப்ளக்ல எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீங்க, மழை ஈரத்துல உயிர் போகும்.


செவ்வாய்ப்பேட்டை_தபேலா எழுதியது:

நான் தபேலாக்காரன். நீங்க சொன்ன அந்த இடைவெளிலதான் எங்க பொழப்பு இருக்கு, அதைக் கவனிச்சதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. பாயான்ல, அதாவது தபேலா ஜோடியில இருக்கிற பெரிய கருவியில, 'கே' போடும்போது பேஸ் நோட்டு இன்னும் நின்னுக்கிட்டு இருந்தா ரெண்டும் ஒண்ணாக் குழம்பி மண் மாதிரி ஆயிடும்.

ஆனா இதுக்குப் புதுசு வாங்கணுமா? உங்க பிரசிஷன்ல பிளாட்வவுண்ட் போடுங்க. பாடில ஸ்ட்ரிங் முடியிற பிரிட்ஜ் ஓரமா, ஸ்ட்ரிங்குக்கு அடியில மெத்தைக்கடை ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வச்சு அமுக்குங்க. அந்தக் காலத்து ஃபெண்டர்ல பிரிட்ஜ் மூடிக்குள்ள ஃபோம் வச்சேதான் கம்பெனில இருந்து வரும். வெறும் ஸ்பாஞ்சுக்கு எவ்வளவு ஆயிடப் போகுது? மிச்சக் காசுல ட்ரூப்புக்கு நல்ல மானிட்டர் ஒண்ணு வரும். நாலு இருக்கிறவங்க அஞ்சாவது வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிறதைக் கேட்டுப் பாக்கணும்ங்கிறது என் கருத்து.


மலைப்பேஸ் எழுதியது:

அண்ணா, நான் ஏற்காட்டுல சர்ச் கொயருக்கு பேஸ் வாசிக்கிறேன். ஆரம்பத்துல இருந்தே ஷார்ட் ஸ்கேல்தான், எனக்குக் கை சின்னது. அதனால உங்களை மாதிரி 34ல இருந்து வர்றவங்க முதல் வாரத்துல என்ன திணறுவாங்கன்னு எனக்கு நேர்ல தெரியும். என் பேஸை வாங்கி வாசிச்ச எல்லாருக்கும் நடந்ததைச் சொல்றேன்.

நீங்க பழக்கத்துல பலமா அழுத்துவீங்க. இங்க ஸ்ட்ரிங் இழுவிசை கம்மி, அழுத்தினா நோட்டு சுருதிக்கு மேல ஏறிடும். ஆர்கனோட சேர்ந்து வாசிக்கும்போது அது உடனே காட்டிக்கொடுக்கும். கையைத் தளர்த்தணும், பிரெட்டை ஒட்டித் தொட்டாலே போதும். வலது கையும் அப்படித்தான். நெக் பக்கமாத் தட்டினா நோட்டு குழைஞ்சிடும். பிக்அப்புக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல வந்து மெதுவாத் தட்டுங்க, ஆம்ப் ஏத்திக்கலாம். மேடையில பலத்தைக் காட்டி வாசிக்கிறவங்களுக்கு இது பிடிக்காது. உங்க மணிக்கட்டுக்கு இதுவே மருந்தா இருக்கும்னு நம்புறேன்.

எங்க சர்ச் கல்லுக் கட்டடம். ஒரு நோட்டுப் போட்டா கூரைக்குப் போயிட்டு ஆற அமரத் திரும்பி வரும். உருண்டைக் கம்பி சுத்தின ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங் போட்ட பெரிய பேஸ்ல கீர்த்தனை வாசிச்சா அடுத்த கார்டு (சுரக்கூட்டு) வந்த பிறகும் பழைய கார்டு மேல மிதந்துக்கிட்டே இருக்கும். பிளாட்வவுண்ட் ஷார்ட் ஸ்கேல்ல அது வரல. பாடுறவங்க எங்களுக்கு இப்பத்தான் நிக்க ஒரு தரை கிடைச்சிருக்குன்னாங்க.

பனியைப் பத்திக் கேட்டீங்க. கீழ அடிவாரத்துல வேர்க்குது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா 1,500 மீட்டர், டிசம்பர் ராத்திரி விரல் விறைக்குது. மேல வந்தவுடனே பெட்டியைத் திறக்காதீங்க. அரை மணி நேரம் மூடியே அறைக்குள்ள வைங்க, அப்புறம் எடுத்து ட்யூன் பண்ணுங்க. ஜூலையில இருந்து நவம்பர் வரைக்கும் மேக மூட்டம் ஜன்னல் வழியா உள்ளயே வரும். நான் பெட்டியில சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வச்சிருக்கேன், நிறம் மாறினா மாத்திடுவேன்.

முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி மேல வாங்கண்ணா. ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் என் பேஸை எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாசிச்சுப் பாருங்க.


ஐந்துரோடு_செட்அப் எழுதியது:

கிட்டார் ரிப்பேர் வேலை பண்றேன். கணக்கைச் சொல்லிடறேன், அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.

அதே ஸ்ட்ரிங், அதே சுருதி, நீளம் மட்டும் 34ல இருந்து 30க்கு வந்தா இழுவிசை 22 சதவீதம் குறையும். நீளத்தோட வர்க்கத்துல அது போகுது, அதனாலதான் நாலு இன்ச்சுக்கு இவ்வளவு வித்தியாசம். பழைய விறைப்பு அப்படியே வேணும்னா 105 தடிமன் (ஒரு இன்ச்சை ஆயிரமாப் பிரிச்ச கணக்கு) ஈ ஸ்ட்ரிங்குக்குப் பதிலா 119 பக்கம் போகணும். அவ்வளவு தடிமன் போட்டா சத்தம் மந்தமாகும், இன்டனேஷனும், அதாவது மேல் பிரெட்டுல சுருதிச் சுத்தமும், நிக்காது. நடுவுல நில்லுங்க. ஷார்ட் ஸ்கேலுக்குன்னே வர்ற பிளாட்வவுண்ட் செட் வாங்குங்க. பிளாட்வவுண்ட் இயல்பாவே விறைப்பு அதிகம், தொளதொளப்பு பாதி அங்கேயே போயிடும். வீட்ல இருக்கிற லாங் ஸ்கேல் ஸ்ட்ரிங்கை வெட்டி மாட்டாதீங்க. நுனி மெலிசாகிற இடம் ட்யூனர் தாண்டிப் போயிடும், தடிச்ச பாகம் கம்பத்துல சுத்தும்போது உடையும்.

விரல் விரிப்பு: முதல் பிரெட்டுல இருந்து நாலாவது வரைக்கும் 34 இன்ச்சுல 13 சென்டிமீட்டர், 30 இன்ச்சுல 11.4. கேக்குறதுக்கு ஒண்ணரை சென்டிமீட்டர்தான். ஒரு பாட்டுல அந்த இடத்துக்கு எத்தனை தடவை போறீங்கன்னு யோசிச்சா அதோட மதிப்பு தெரியும்.

நெக்: ஈரத்துல ஒவ்வொரு நெக்கும் ஒவ்வொரு மாதிரி நகரும், முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாங்கினவுடனே செட்அப் பண்ணாம ரெண்டு மூணு வாரம் உங்க வீட்டுலயே இருக்க விடுங்க. அப்புறம் முதல் பிரெட்டையும் கடைசி பிரெட்டையும் ஒரே நேரத்துல அமுக்கிட்டு ஏழாவது எட்டாவது பிரெட் மேல இடைவெளி பாருங்க. கால் மில்லிமீட்டர்ல இருந்து 0.35 வரைக்கும் இருந்தா போதும். நெக் வளைவைச் சரிபண்ற உள் கம்பி, அதாவது ட்ரஸ் ராடைக் கால் சுத்துக்கு மேல ஒரே மூச்சுல திருப்பாதீங்க, திருப்பிட்டு மறுநாள் பாருங்க. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு மலை ஏறி இறங்குறதுக்காகத் திருப்பவே வேண்டாம், ட்யூனிங் மட்டும் போதும். அடுப்புல வாட்டின ரோஸ்டட் மேப்பிள் நெக் ஈரம் கம்மியா இழுக்கும், அந்த வகையில கிடைச்சா விடாதீங்க.

இந்தியன் லாரல் பத்திப் பயப்பட ஒண்ணுமில்ல. நம்ம காட்டுல கருமருதுன்னு சொல்றதுதான். ரோஸ்வுட் நம்ம ஈட்டி மரம். 2017 ஜனவரியில சைட்ஸ்ங்கிற, அழியிற உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தப் பட்டியல்ல ரோஸ்வுட் வகை மொத்தமும் வந்தப்போ, அந்த மரம் வச்ச ஒவ்வொரு கிட்டாருக்கும் ஏற்றுமதிக் காகிதம் தேவைப்பட்டது. அப்பத்தான் கம்பெனிங்க வேற மரத்துக்குத் தாவினாங்க. 2019 கடைசியில இசைக்கருவிக்கு விலக்கு வந்துடுச்சு, ஆனா விலை குறைஞ்ச வரிசைல லாரல் நிலைச்சுப் போச்சு. கொஞ்சம் வறண்ட மரம், நிறம் வெளிறி இருக்கும். ஸ்ட்ரிங் மாத்தும்போது லெமன் ஆயில் துணியில தொட்டுத் தடவித் துடைச்சா கருத்து அழகா வந்துடும். வாசிக்கிற கைக்கு வித்தியாசம் தெரியாது.


ஹஸ்தம்பட்டி_பேஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. ஒவ்வொண்ணாச் செஞ்சு பார்த்துட்டுத்தான் திரும்ப எழுதுறேன்.

தபேலா அண்ணன் சொன்ன ஸ்பாஞ்சுல இருந்து ஆரம்பிச்சேன். பிரசிஷன்ல பிளாட்வவுண்ட் மாட்டி, பிரிட்ஜ் ஓரம் ஸ்பாஞ்ச் வச்சு ஒரு பண்டிகை மேடையில முழு நிகழ்ச்சியும் வாசிச்சேன். சத்தம் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. எங்க டோலக் வாசிக்கிற தம்பி இடைவேளைல வந்து இன்னிக்கு என்ன புதுசான்னு கேட்டான். இந்தத் தந்திரத்தை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற எல்லா பேஸ்காரங்களும் முதல்ல செய்யணும், அதுக்கு அப்புறம்தான் கடைப்பக்கம் போகணும். ஆனா ரெண்டு விஷயம். ஸ்பாஞ்ச் எல்லா நோட்டையும் ஒரே அளவு அமுக்குது. ஒரு பல்லவி குறுகலா இருந்து சரணத்துல நோட்டு நீளணும்னா பாட்டுக்கு நடுவுல பிடுங்க முடியல. இன்னொண்ணு கை. பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தும்போது அதே மரத்துப் போன கைதான்.

அப்புறம் ஏற்காடு போனேன். மலைப்பேஸ் தங்கச்சி ஆராதனை முடிஞ்ச பிறகு அவங்க கருவியைக் கொடுத்துட்டு, நான் கேக்காமலே சர்ச்சைப் பூட்டாம காத்திருந்தாங்க. முதல் அஞ்சு நிமிஷம் அவங்க சொன்னது அப்படியே நடந்தது. ஆக்டேவ் பிடிச்சா மேல் நோட்டு எகிறுது. கையைத் தளர்த்தினதும் சரியாச்சு. சரியானதுக்கு அப்புறம் எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்ல. ஒரு பழைய பாட்டோட முழு லைனையும் வாசிச்சேன். ஜி ஸ்ட்ரிங்ல மேல ஏறிப் போற இடத்துல நோட்டு உருண்டையா, ஒரு ஆள் பாடுற மாதிரி வந்தது. நீளமா வேணும்னா விரலை வைக்கிறேன், குறுக்க வேணும்னா எடுக்கிறேன், ரெண்டுக்கும் கருவி இடம் கொடுத்தது. என் நாலுலயும் இந்தக் குரல் இல்ல. எனக்கு வேண்டியிருந்த பதில் அங்கேயே கிடைச்சிடுச்சு.

அதனால மஸ்டாங் எடுத்துட்டேன். மைக்செட் தம்பி சொன்ன ஃபீட்பேக் காரணத்தால வயலின் வடிவத்தை விட்டுட்டேன். பார்க்க அழகு, கையில வச்சா எடையே இல்ல, ஆனா நான் வாசிக்கிறது திடல்ல. ரோஸ்டட் மேப்பிள் நெக் என் பட்ஜெட்டுல ஷார்ட் ஸ்கேல்ல அமையல. சாதா மேப்பிள்தான். சொன்ன மாதிரியே மூணு வாரம் வீட்டுல சும்மா இருக்க விட்டுட்டு, அப்புறம் ஐந்துரோடு அண்ணன்கிட்டயே செட்அப் கொடுத்தேன். ஷார்ட் ஸ்கேல் பிளாட்வவுண்ட், ஈ ஸ்ட்ரிங் 105. தொளதொளப்புன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. இப்ப ரெண்டு மேடை வாசிச்சாச்சு, கை மரத்துப் போகல. மூணாவது மணி நேரத்துல கொஞ்சம் களைக்குது, அது எல்லாருக்கும் களைக்கிறதுதான்.

பழசு எதையும் விக்கிறதா இல்ல. ரிசப்ஷனுக்கு ஜாஸ் பேஸ், சுருதி மாத்துற பாடகர்களுக்கு அஞ்சு ஸ்ட்ரிங், அதுல மாத்தம் கிடையாது. பழைய பாட்டு நிகழ்ச்சின்னா மஸ்டாங் போகும், பிரசிஷன் பக்கத்துல ஸ்டாண்டுல நிக்கும். ஸ்ட்ரிங் அறுந்தா எடுக்கணுமில்ல.


மலைப்பேஸ் எழுதியது:

ரொம்ப சந்தோஷம்ண்ணா. ஒண்ணு மட்டும் கேக்கணும், நின்னு வாசிக்கும்போது ட்யூனர் இருக்கிற தலைப்பக்கம், ஹெட்ஸ்டாக், கீழ இறங்குதா? எனக்கு முதல்ல இறங்குச்சு.


ஹஸ்தம்பட்டி_பேஸ் எழுதியது:

லேசா இறங்குதும்மா. வழவழப்பான நைலான் ஸ்ட்ராப்பை மாத்தி, உள்பக்கம் சொரசொரப்பா இருக்கிற மூணு இன்ச் தோல் ஸ்ட்ராப் போட்டதும் தோள்ல நின்னுடுச்சு. நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் ஏத்திக் கட்டியிருக்கேன், மணிக்கட்டும் நேரா இருக்கு. கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு இதைத்தான் மேல கொண்டு வரேன். கொயர் பாட்டோட கார்டு சீட்டை முன்கூட்டியே அனுப்பிடுங்க, ஆர்கன் எந்தச் சுருதின்னும் எழுதிடுங்க. ஈ பிளாட் இருந்தா அஞ்சு ஸ்ட்ரிங்கையும் வண்டியில வச்சுக்கறேன்.